பதினேழு வயது வாத்தியார்

நோட்டில் −3 − 2 என்று ஒரு கணக்கு. பதினொரு வயதுப் பையன் அதற்கு 5 என்று விடை எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்துவிட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பதினேழு வயதுப் பெண், “எப்படி வந்துச்சு?” என்று கேட்கிறாள்.

“ரெண்டு மைனஸ் சேர்ந்தா ப்ளஸ், மிஸ்.”

அவள் ‘மிஸ்’ அல்ல. அதே பள்ளியில் ஐந்து வகுப்பு மேலே படிக்கும் மாணவி. அவளுடைய அடுத்த பீரியடில் வகைநுண்கணிதம் இருக்கிறது. ஆனாலும் இந்தப் பையனுக்கு என்ன பதில் சொல்வது என்று சட்டென்று வரவில்லை. ‘தப்பு’ என்று சொல்லிவிடலாம். அவன் சொன்ன விதியோ தப்பில்லை, பயன்படுத்திய இடம்தான் தப்பு. அதுவும் யாரோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்த விதி. அந்த விதி ஏன் உண்மை என்று அவளும் இதுவரை யோசித்ததில்லை. மதிப்பெண் கிடைத்தது, தாண்டி வந்துவிட்டாள்.

ஒரு கோடு வரைந்து அதில் எண்களைக் குறிக்கிறாள். “மைனஸ் மூணுல விரலை வை. ரெண்டைக் கழிக்கணும். எந்தப் பக்கம் போவ?” பையனின் விரல் இடப்பக்கம் நகர்ந்து −5-ல் நிற்கிறது. முகம் சுருங்குகிறது. “அப்போ அந்த ரூல் எதுக்கு?” நியாயமான கேள்வி. அவள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுகிறாள்: 3 − 2 = 1. 3 − 1 = 2. 3 − 0 = 3. அடுத்து 3 − (−1) என்று எழுதிச் சமக்குறி போடுவதற்குள் அவன் “நாலு!” என்கிறான். கழிக்கும் எண் ஒவ்வொன்றாகக் குறையக் குறைய விடை ஒவ்வொன்றாகக் கூடுகிறது. பூச்சியத்தைத் தாண்டியதும் அந்த ஒழுங்கு மாறிவிடக் காரணம் எதுவும் இல்லை. அதைப் பையன் பார்த்த அதே நொடியில் அவளும் பார்த்தாள்.

இந்தப் பெண்ணுக்கு நான் பெயர் வைக்கவில்லை. இவள் ஒருத்தி அல்ல. இங்கிலாந்தின் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளிகளில் ‘சிக்ஸ்த் ஃபார்ம்’ மாணவர்களின் வழக்கமான நாளை அடுக்கிப் பார்த்தால் கிடைக்கும் பொது முகம் இவள். அந்த நாளின் நடுவே, தன்னைவிடச் சிறியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவள் ஒதுக்கும் ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒரு நீண்ட கதை இருக்கிறது. அதன் ஒரு முனை நம் எழும்பூரில் இருக்கிறது.

மூன்றே பாடங்கள்

இங்கிலாந்தில் பதினொரு வயதில் ஏழாம் ஆண்டு தொடங்குகிறது. பதினாறு வயதில், பதினொன்றாம் ஆண்டின் முடிவில், ஜி.சி.எஸ்.இ. தேர்வு. அதற்கடுத்த இரண்டு ஆண்டுகள், அதாவது 12, 13-ஆம் ஆண்டுகள், சிக்ஸ்த் ஃபார்ம். வகுப்புகளை முதல் ஃபார்ம், இரண்டாம் ஃபார்ம் என்று எண்ணிய காலத்துப் பெயர் இது. மற்ற எண்கள் மாறிய பிறகும் இது மட்டும் நின்றுவிட்டது. 1951-ல் வந்த ஏ லெவல்தான் இந்த இரண்டு ஆண்டுகளின் முடிவில் எழுதும் பெரிய தேர்வு.

நம் பிளஸ் டூவோடு ஒப்பிட்டால் முதலில் கண்ணில் படுவது பாடங்களின் எண்ணிக்கை. ஜி.சி.எஸ்.இ.-யில் எட்டு, ஒன்பது பாடம் படித்த பிள்ளை, ஏ லெவலில் பெரும்பாலும் மூன்றே பாடங்களை எடுக்கிறது. மொழிப்பாடம் கட்டாயமில்லை. கணிதம், வேதியியல், உயிரியல் என்று எடுத்தவளுக்கு ஷேக்ஸ்பியர் அத்தோடு விடைபெறுகிறார். பதினாறு வயதில் இவ்வளவு கதவுகளை மூடச் சொல்வது சரியா என்று அந்த நாட்டிலேயே பல காலமாக வாதம் நடக்கிறது. எனக்கும் அது சரியாகப் படவில்லை. ஆனால் அந்தக் குறுக்கலால் நேரம் மிச்சமாகிறது.

காலை எட்டரைக்குள் பள்ளியில் இருக்க வேண்டும். லண்டனில் படிக்கும் பதினாறு, பதினேழு வயதுக்காரர்களுக்குப் பேருந்து இலவசம், அட்டையைத் தொட்டால் போதும். கழுத்தில் அடையாள அட்டைப் பட்டை. பெரும்பாலான பள்ளிகளில் சிக்ஸ்த் ஃபார்முக்குச் சீருடை இல்லை. அலுவலகத்துக்குப் போவது போன்ற உடை போதும். கீழ் வகுப்புப் பிள்ளைகள் நிமிர்ந்து பார்க்கும் முதல் வித்தியாசம் இதுதான்.

பதிவேடு எடுத்து முடிந்ததும் வேதியியல், இரண்டு பீரியட் தொடர்ச்சியாக. இன்று தரம் பார்த்தல். பியூரெட்டின் திருகை ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவே நிறுத்தப் பழகுவது. ஏ லெவல் அறிவியல் பாடம் ஒவ்வொன்றிலும் குறைந்தது 12 செய்முறைகளைச் செய்து காட்ட வேண்டும். அதற்கான சான்று தனி, எழுத்துத் தேர்வின் மதிப்பெண்ணோடு சேராது. பிறகு ஒரு ஃப்ரீ பீரியட். பள்ளிகள் அதை ‘ஸ்டடி பீரியட்’ என்று அழைக்கவே விரும்புகின்றன. வகுப்பில் ஒரு மணி நேரம் படித்தால் வெளியே இன்னொரு மணி நேரம் படிக்க வேண்டும் என்பதுதான் பொதுவாக ஆசிரியர்கள் சொல்லும் கணக்கு. நூலகத்தில் உட்காருவோர் உண்டு. காமன் ரூமில் டோஸ்ட் போட்டுக்கொண்டு பேசியே அதைக் கரைப்பவர்களும் உண்டு. மேற்பார்வை இல்லாமல் தன் நேரத்தைத் தானே ஆள வேண்டிய முதல் அனுபவம் இது. நவம்பர் மாத உள்தேர்வில் பலருக்கு அதன் விலை தெரிகிறது.

காத்திருக்கப் பழகும் ஐந்து விநாடி

சிறியவர்களுக்கு உதவும் ஏற்பாடு பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். சில இடங்களில் 12-ஆம் ஆண்டு மாணவர்கள் வாரம் ஒரு ஃப்ரீ பீரியடைக் கொடுத்துக் கணித வகுப்பிலோ ஆங்கில வகுப்பிலோ போய் உட்காருகிறார்கள். சில இடங்களில் காலைப் பதிவேட்டு நேரத்தில் ஜோடி வாசிப்பு: பெரியவர் ஒருவர், சிறியவர் ஒருவர், ஒரு புத்தகம்.

ஜோடி வாசிப்பை யாரும் சும்மா உட்கார்ந்து கேட்பதாக நினைத்துவிடக் கூடாது. அதற்கு முறை இருக்கிறது. 1970-களில் இங்கிலாந்தில் உருவாகி, பின்னர் கீத் டாப்பிங் என்ற கல்வி உளவியலாளரால் விரிவாகப் பரவிய முறை அது. புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது குழந்தை. முதலில் இருவரும் ஒரே வேகத்தில் சேர்ந்து சத்தமாக வாசிப்பார்கள். தனியாக வாசிக்கத் துணிச்சல் வந்ததும் குழந்தை மேசையில் தட்டும், அல்லது முன்பே பேசிவைத்த ஏதோ ஒரு சைகை காட்டும். பெரியவர் உடனே வாயை மூடிக்கொள்ள வேண்டும். குழந்தை ஒரு சொல்லில் தடுக்கினால் நாலைந்து விநாடி பொறுக்க வேண்டும். அதற்குள் தானே திருத்திக்கொள்ளவில்லை என்றால், சரியான சொல்லைச் சொல்லி, அதைக் குழந்தை திரும்பச் சொன்னதும் இருவரும் மறுபடி சேர்ந்து வாசிக்கத் தொடங்குவார்கள். எழுத்துக்கூட்டச் சொல்லி வதைப்பது கிடையாது. ‘இதுகூடத் தெரியாதா’ என்பது அறவே கிடையாது.

இதில் எது கடினம் என்று பார்த்தால், அந்த ஐந்து விநாடிதான். விடை தெரிந்த பதினேழு வயதுக்காரரால் வாயைக் கட்டிக்கொண்டு இருக்க முடிவதில்லை. சொல் நாக்கு நுனியில் நிற்கும். பயிற்சி இல்லாத உதவியாளர் இரண்டாம் விநாடியே சொல்லிவிடுவார். குழந்தையும், தடுக்கினால் விடை தானாக வரும் என்று கண்டுகொள்ளும். அனுபவமுள்ள ஆசிரியர்களே வழுக்கும் இடம் இது. பதினேழு வயதில் இதைப் பழகுகிறவள் பின்னாளில் ஆசிரியை ஆகாவிட்டாலும், மருத்துவராகவோ தாயாகவோ எங்கே போனாலும் அது உதவும் என்று உறுதியாக நம்புகிறேன்.

விதிகளும் உண்டு, அவை தேவையும்கூட. பொறுப்பு முழுவதும் ஆசிரியருடையது. மாணவ உதவியாளர் அவருடைய கண் பார்வையில்தான் இருக்க வேண்டும். மூடிய அறையில் ஒரு சிறு குழந்தையோடு தனியே விடமாட்டார்கள். குழந்தை வீட்டில் நடக்கும் ஏதாவது கவலைதரும் விஷயத்தைச் சொல்லி, “யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்று கேட்டால், அப்படி வாக்குக் கொடுக்கக் கூடாது. பள்ளியில் குழந்தைப் பாதுகாப்புக்கென்றே ஒரு பொறுப்பாளர் இருப்பார். அன்றைக்கே அவரிடம் சொல்ல வேண்டும். பதினேழு வயதுத் தோள் தாங்க வேண்டிய சுமை எது, தாங்கக் கூடாதது எது என்பதைப் பள்ளி முன்கூட்டியே பிரித்துக்கொடுக்கிறது. இந்தப் பிரிப்பு இல்லாமல் பிள்ளைகளிடம் பிள்ளைகளை ஒப்படைப்பது ஆபத்து.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தன்னைப் பற்றி எழுத வேண்டும். முன்பு 4,000 எழுத்துகளுக்குள் ஒரே கட்டுரை. 2026 சேர்க்கையிலிருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள். படிப்புக்கு வெளியே என்ன செய்தாய் என்பது அவற்றில் ஒன்று. மருத்துவத்துக்கும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜுக்கும் அக்டோபர் 15 கடைசி நாள். ஆகவே செப்டம்பரில் ‘ஏழாம் ஆண்டுக்கு உதவுகிறேன்’ என்று கை தூக்குபவர்களில் பலருக்கு அந்தக் கட்டத்தை நிரப்பும் எண்ணமும் இருக்கும். அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. எதற்காக வந்தாள் என்பதைவிட, விண்ணப்பம் போன பிறகு, பிப்ரவரி மாதக் குளிரிலும் வருகிறாளா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே தொண்டு செய்ய நேரம் இல்லாதவர்கள். சனி, ஞாயிறு சூப்பர் மார்க்கெட்டில் அலமாரி அடுக்கும் வேலை இருக்கும். வீட்டில் தம்பி, தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இருக்கும். பதினாறு வயதுக்கு மேல் படிப்பவர்களுக்கு வாரம் 30 பவுண்டு வரை கொடுத்துவந்த உதவித்தொகையை இங்கிலாந்தில் 2011-ல் நிறுத்திவிட்டார்கள். அதனிடத்தில் வந்த உதவி அந்த அளவுக்குப் பலரைச் சென்றடைவதில்லை. எனவேதான் சொல்லிக்கொடுக்கும் நேரத்தைப் பள்ளி நேரத்துக்குள்ளேயே, கால அட்டவணையிலேயே வைக்கும் பள்ளிகள் செய்வது சரி. வசதியுள்ளவர்கள் மட்டும் அள்ளிக்கொள்ளும் அனுபவமாக அது இருக்கக் கூடாது.

எழும்பூரிலிருந்து ஆல்ட்கேட் வரை

அந்த நீண்ட கதை ஆண்ட்ரூ பெல்லிடம் தொடங்குகிறது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்க்காரர். பாதிரியார். 1787-ல் சென்னைக்கு வந்தார். 1789-ல் எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். வெள்ளைக்காரத் தகப்பன், பெரும்பாலும் இந்தியத் தாய். சில பிள்ளைகளுக்குத் தகப்பன் உயிரோடு இல்லை, மற்றவர்களுக்கு இருந்தும் இல்லை. பெல்லுக்குக் கிடைத்த உதவி ஆசிரியர்களுக்கோ வேலையில் மனம் இல்லை.

ஒருநாள் காலை குதிரையில் போகும்போது ஒரு நாட்டுப் பள்ளியைக் கடந்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். நம் திண்ணைப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த காட்சிதான். பெல் அதைத் தன் பள்ளியில் செய்துபார்க்கச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் முடியாது என்று கைவிரித்தார்கள். அப்போது அவர் எட்டு வயதுப் பையன் ஒருவனை அழைத்து, எழுத்துப் பழகும் வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். அவன் பெயர் ஜான் ஃப்ரிஸ்கென், சாதாரணச் சிப்பாயின் மகன். அவனால் முடிந்தது. அங்கிருந்து ஒவ்வொரு வகுப்பும் ஒரு மூத்த பையனின் பொறுப்புக்குப் போனது.

திண்ணைப் பள்ளியில் வாத்தியாருக்கு அடுத்த நிலையில் சட்டாம்பிள்ளை இருந்ததை உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ படித்தவர்கள் அறிவார்கள். பெல் மணலை மட்டும் பார்த்தாரா, சட்டாம்பிள்ளையையும் பார்த்தாரா என்று கல்வி வரலாற்றாசிரியர்கள் வாதிடுவது உண்டு. எப்படி இருந்தாலும், இந்த மண்ணில் ஏற்கெனவே வேரோடியிருந்த பழக்கம் அது.

1796-ல் பெல் ஊருக்குக் கிளம்பினார். அடுத்த ஆண்டே தன் எழும்பூர் அனுபவத்தை லண்டனில் நூலாக வெளியிட்டார். 1798-ல் லண்டன் ஆல்ட்கேட்டில் ஒரு தேவாலயப் பள்ளி அதைப் பின்பற்றியது. அதே ஆண்டில் சவுத்வர்க்கில் ஜோசஃப் லங்காஸ்டர் என்ற இருபது வயது இளைஞர் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கி, இதே போன்ற ஒரு முறைக்கு வந்து சேர்ந்தார். யார் முதலில் என்ற சண்டை பின்னர் மதச் சண்டையாகவே வளர்ந்தது. 1811-ல் இங்கிலாந்துத் திருச்சபை சார்பில் தேசியச் சங்கம் அமைந்ததும் ‘மெட்ராஸ் முறை’ நாடெங்கும் பரவியது. 1832-ல் இறந்த பெல்லை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். அவர் விட்டுச்சென்ற பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த மேல்நிலைப் பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

இதில் நாம் பெருமைப்பட்டுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் அதற்குப் பின் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் பணம் படைத்தவர்களுக்கு இந்த முறையில் பிடித்துப்போனது குழந்தைகளின் தோழமை அல்ல, செலவு மிச்சம். ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை ஒரே கூடத்தில் நடத்திவிடலாம். காலையில் ஆசிரியர் மூத்த பையன்களுக்குச் சொன்னதை, அவர்கள் அப்படியே பகலில் வரிசை வரிசையாக ஒப்பிக்க வைத்தார்கள். கேள்விக்கு இடமில்லை. தனக்கே புரியாத விதியை இன்னொருவன் வாயில் திணிக்கத்தான் அந்தப் பையனுக்கு நேரம் இருந்தது. ‘ரெண்டு மைனஸ் சேர்ந்தா ப்ளஸ்’ என்று அந்தக் கூடத்தில் யாராவது சொல்லியிருந்தால், எல்லோரும் சேர்ந்து மூன்று முறை உரக்கச் சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான்.

1846-ல் ஜேம்ஸ் கே-ஷட்டில்வொர்த்தின் முயற்சியால் அது மாறியது. பதிமூன்று வயதிலிருந்து பதினெட்டு வரை ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் ‘மாணவ ஆசிரியர்’. முதல் ஆண்டு 10 பவுண்டு, கடைசி ஆண்டு 20 பவுண்டு. தலைமையாசிரியர் நாள்தோறும் அவர்களுக்குத் தனியே பாடம் நடத்த வேண்டும் என்பது நிபந்தனை. ஏழை வீட்டுப் பெண்கள் படித்து வேலைக்குப் போக இங்கிலாந்தில் திறந்த முதல் பெரிய கதவுகளில் இதுவும் ஒன்று. சொல்லிக்கொடுப்பவரும் படித்துக்கொண்டிருப்பவர்தான், அவருக்கும் ஒரு ஆசிரியர் தேவை என்று அரசு ஒப்புக்கொண்டது அப்போதுதான்.

பலன் உண்டா?

உண்டு, எப்போதும் அல்ல. இங்கிலாந்தில் கல்வி ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கல்வி அறக்கட்டளை ஒன்று, மாணவர் மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் முறைகளால் சராசரியாக ஐந்து மாதக் கூடுதல் முன்னேற்றம் கிடைப்பதாக மதிப்பிட்டிருக்கிறது. சொல்லிக்கொடுப்பவருக்கும் கேட்பவருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பலன். ஆனால் அதே அறக்கட்டளை பள்ளிகளில் நடத்தி 2015-ல் வெளியிட்ட இரண்டு பெரிய சோதனைகளில், ஒன்று கணிதம், மற்றொன்று ஒன்பதாம் ஆண்டு மாணவர்கள் ஏழாம் ஆண்டு மாணவர்களோடு செய்த ஜோடி வாசிப்பு, இரண்டிலுமே சொல்லும்படியான பலன் தெரியவில்லை.

இந்த முரணை மறைக்க எனக்கு விருப்பமில்லை. இந்த முறையை நேசிப்பவர்கள்தான் இதை முதலில் பேச வேண்டும். பெரியவரையும் சிறியவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் மட்டும் கற்றல் நடந்துவிடாது. அந்த ஐந்து விநாடிக் காத்திருப்பு நடக்கிறதா, விரலை எண்கோட்டில் வைக்கச் சொல்கிறாளா அல்லது விடையைச் சொல்லிவிடுகிறாளா, ஆசிரியர் வந்து எட்டிப் பார்க்கிறாரா என்பதெல்லாம் சேர்ந்துதான் பலனை முடிவுசெய்கின்றன. புதிய பாடத்தை ஆசிரியர் நடத்திய பிறகு, அதை உறுதிப்படுத்தவே இது பொருத்தம். பாடத்தையே மாணவரிடம் விட்டுவிடுவதற்கு அல்ல. இங்கிலாந்தில் இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் ஆசிரியர் கிடைப்பது ஆண்டுக்காண்டு பெரும்பாடாக இருக்கிறது. ‘சிக்ஸ்த் ஃபார்ம் பிள்ளைகள் இருக்கிறார்களே’ என்று நிர்வாகம் சொல்லத் தொடங்கினால், லங்காஸ்டரின் கூடம் திரும்பி வந்துவிடும்.

லண்டனில் தமிழர் நிறைந்த ஹாரோ, ஈஸ்ட் ஹாம் பகுதிகளில் இந்த நாளுக்கு ஒரு நீட்சியும் உண்டு. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி. அங்கே படித்து வளர்ந்த பிள்ளைகளே பதினாறு, பதினேழு வயதில் மழலையர் வகுப்பில் உதவிக்கு நிற்கிறார்கள். எடின்பரோ கோமகன் விருதின் தங்க நிலைக்கு 12 மாதத் தொண்டு தேவை என்பதால் வருபவர்கள் உண்டு. அம்மா தள்ளிவிட்டதால் வருபவர்களும் உண்டு. தன் தமிழ் தட்டுத்தடுமாறுகிறது என்று கூசும் அண்ணன், நான்கு வயதுக் குழந்தைக்கு ‘ழ’ சொல்லிக்கொடுக்கும்போது தன் நாக்கையும் மடக்கிப் பழகியே தீர வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் ஒரு பீரியட்

தமிழ்நாட்டின் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலும் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை ஒரே வளாகம். ஆறாம் வகுப்பில் வாசிக்கத் திணறும் பிள்ளையும், கணிதத்தில் கெட்டியான பிளஸ் ஒன் பெண்ணும் ஒரே மணிச் சத்தத்துக்குத்தான் எழுகிறார்கள். இருவரும் சந்திக்கும் இடம் தண்ணீர்க் குழாயும் காலை வழிபாடும் மட்டுமே. மேல் வகுப்புக்குப் பொதுத்தேர்வு, சிறப்பு வகுப்பு, நீட், ஜே.இ.இ. என்று மூச்சு முட்டுகிறது. அவர்கள்மீது இன்னொரு பொறுப்பைச் சுமத்தச் சொல்ல யாருக்கும் மனம் வராது என்பது புரிகிறது.

ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. இங்கிலாந்தில் 2015-லிருந்து பாடம் பாடமாக ஏ லெவலைத் திருத்தியபோது, 12-ஆம் ஆண்டின் முடிவில் எழுதிய ஏ.எஸ். தேர்வை இறுதி மதிப்பெண்ணிலிருந்து பிரித்துவிட்டார்கள். பெரும்பாலான பள்ளிகளில் அந்த ஆண்டு பொதுத்தேர்வு இல்லாத ஆண்டாக மாறியது. சிறியவர்களின் வகுப்பில் போய் உட்கார 12-ஆம் ஆண்டு மாணவிக்கு மூச்சுவிட இடம் கிடைப்பதில் அதற்கும் பங்கு உண்டு. இங்கே 2018-ல் முதன்முதலாக நடந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025-26 கல்வியாண்டிலிருந்து தமிழ்நாடு அரசு நிறுத்தியிருக்கிறது. விடுபட்ட அந்த நேரம் முழுவதையும் பிளஸ் டூ பாடத்தை முன்கூட்டியே முடிக்கப் பயன்படுத்தப் பல பள்ளிகள் துடிக்கும். அதற்கு முன்பாகவே அதிலிருந்து வாரத்துக்கு ஒரு பீரியடை எடுத்து ஆறாம், ஏழாம் வகுப்புக்கு ஒதுக்கிவிட வேண்டும். வகுப்பில் ஆசிரியர் இருக்க வேண்டும். உதவப் போகும் பிள்ளைகளுக்கு முதலில் ஒரு பிற்பகல் பயிற்சி வேண்டும்: எப்படிக் கேட்பது, எவ்வளவு நேரம் பொறுப்பது, எதைத் தலைமையாசிரியரிடம் போய்ச் சொல்வது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை மட்டும் அனுப்பக் கூடாது. பின்னத்தில் தடுமாறிக்கொண்டே பிளஸ் ஒன் வரை வந்துவிட்ட பையனும் போக வேண்டும். ஏழாம் வகுப்புப் புத்தகத்தைக் கூச்சமில்லாமல் மறுபடி திறந்து படிக்க அவனுக்கு வேறு வழி கிடைப்பதில்லை.